வீட்டில் விமானம் கட்டுவோருக்கு அங்குலமும் மில்லிமீட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறு விமானத்தைத் தம் கையால் கட்டத் தொடங்குபவரை முதல் வாரத்திலேயே தடுமாற வைப்பது ரிவெட் அடிப்பதோ பற்றவைப்பதோ அன்று. மேசையில் விரித்த வரைபடம் அங்குலத்தில் இருக்கும், கையில் உள்ள டேப் மில்லிமீட்டரில் இருக்கும், வாங்கி வந்த எஞ்சினின் கையேடு மூன்றாவது ஏதோ ஒரு அலகில் முறுக்குவிசையைச் சொல்லும். இந்தக் குழப்பத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

முதல் வேலையாக வரைபடம் முழுவதையும் மில்லிமீட்டருக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒரு முழு வரைபடத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான அளவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் மாற்றும்போது ஒரு பிழை நுழைவதற்கு வழி திறக்கிறது. அந்தப் பிழை உங்கள் கையெழுத்தில், உங்கள் வரைபடத்தில் அமர்ந்துவிட்டால் அதைச் சரிபார்க்க மூலத்தைத் திரும்பப் பார்க்கும் பழக்கமும் போய்விடும். அதைவிட, வரைபடம் எந்த அலகில் வரையப்பட்டதோ அந்த அலகில் ஒரு நல்ல டேப்பும், எஃகு அளவுகோலும், காலிப்பரும் வாங்கிக்கொண்டு, அதிலேயே வேலை செய்வது எளிது. அங்குலத்தில் வளராதவருக்கும் 3/32, 5/16 போன்ற பின்னங்கள் இரண்டு மூன்று வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

எந்த வரைபடம் எந்த அலகில் இருக்கும் என்பது வடிவமைத்தவர் எங்கே தொழில் கற்றார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் வான்ஸ் ஆர்வி வரிசை விமானங்களும் பழைய பீட்டன்போல் மர விமானமும் அங்குலத்தில் உள்ளன. பிரான்சின் ஜோடெல் மர விமானங்கள் மில்லிமீட்டரில் உள்ளன. கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஜெனித் விமானங்களில் வரைபட அளவுகள் மில்லிமீட்டரிலும், தகட்டின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளிலும் தரப்பட்டுள்ளன. இப்படிக் கலந்து வரும் வரைபடத்திலும் விதி அதேதான்: எழுதப்பட்ட அளவை எழுதப்பட்ட அலகிலேயே அளந்து பாருங்கள். பொருளோ கருவியோ அந்த அலகில் கிடைக்காதபோதும், எடை போடும்போதும், இரண்டு அளவுமுறைகளைச் சேர்ந்த பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இடத்திலும் மட்டும் மாற்றுங்கள்.

ஓர் அங்குலம் சரியாக எத்தனை மில்லிமீட்டர்? 25.4 என்பது தோராயமா?

தோராயம் அன்று, வரையறை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் 1959இல் ஒப்புக்கொண்டபடி, ஓர் அங்குலம் முழுக்க முழுக்க 25.4 மி.மீ.; ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம். ஆகவே மாற்றுவதால் மட்டும் துல்லியம் குறைவதில்லை. மாற்றிய பிறகு எண்ணைச் சுருக்கும்போதுதான் குறைகிறது.

அப்படியானால் எந்த இடம் வரை சுருக்கலாம்?

அளவு எதற்கு என்பதைப் பொறுத்து. மர விமானத்தின் ஒரு ரிப்பில், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டத்தில், அரை மில்லிமீட்டர் பெரிதாகத் தெரியாது. போல்ட் நுழையும் துளையில் அரை மில்லிமீட்டர் என்றால் அந்தப் பாகத்தைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும்.

ஆனால் அதைவிட முக்கியமானது, சுருக்கிய எண்ணை அடுக்கிக்கொண்டே போவதால் வரும் பிழை. 1 அங்குல இடைவெளியில் 60 இடைவெளிகள் கொண்ட ஒரு ரிவெட் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 25 மி.மீ. என்று எடுத்தால், ஒரு இடைவெளியில் தவறுவது 0.4 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. வரிசை முடியும் இடத்தில் 1524 மி.மீ. இருக்க வேண்டிய நீளம் 1500 மி.மீ. ஆகி, ஏறக்குறைய ஒரு முழு ரிவெட் இடைவெளி காணாமல் போயிருக்கும். 12 அங்குல ரிப் இடைவெளியை 305 மி.மீ. என்று எடுத்தால் பத்து இடைவெளிக்கு 2 மி.மீ. கூடும். அடியில் உள்ள ரிப்பின் விளிம்பும் மேலே தகட்டில் போட்ட துளை வரிசையும் ஒன்றோடொன்று சேராமல் போக அது போதும்.

ஆகவே எல்லா அளவையும் ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து அளந்து குறியுங்கள். முந்தைய குறியிலிருந்து அடுத்ததை அளக்காதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் கூட்டிய மொத்தத்தை மாற்றுங்கள், துண்டுகளை மாற்றிக் கூட்டாதீர்கள். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதும் நல்லது: 3 மீட்டர் நீள அலுமினியத் தகடு, வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ 1.4 மி.மீ. நீள்கிறது. எனவே நீண்ட பாகங்களில் கணக்கை மூன்று தசம இடத்துக்கு இழுப்பதில் பயனில்லை; இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே முறையில் துளையிடுவதுதான் அங்கே துல்லியம்.

ஏஎன்3, ஏஎன்4-12ஏ, ஏஎன்470ஏடி4-5 என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, இவற்றில் அளவு எங்கே இருக்கிறது?

ஏஎன் என்பது ஆர்மி, நேவி ஆகிய இரண்டு சொற்களின் முதலெழுத்து. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த பாகத் தரம் அது. இந்தப் பெயர்களில் அளவைச் சொல்லும் எண்கள் எல்லாம் அங்குலத்தின் பின்னங்களே. ஆனால் எந்தப் பின்னம் என்பது பாகத்துக்குப் பாகம் மாறும், புதியவர்கள் இடறுவது அங்கேதான்.

போல்டில், ஏஎன் என்பதை அடுத்து வரும் எண் விட்டத்தைப் பதினாறில் பங்குகளில் சொல்கிறது: ஏஎன்3 என்றால் 3/16 அங்குலம், ஏஎன்4 என்றால் 4/16, அதாவது கால் அங்குலம். சிறு கோட்டுக்குப் பின் வரும் எண் நீளத்தை எட்டில் பங்குகளில், தச்சர்கள் நூல் என்று சொல்லும் அளவில், சொல்கிறது. ஏஎன்4-5 என்பது சுமார் 5/8 அங்குல நீளம். 7க்குப் பிறகு 8 வருவதில்லை, 10 வருகிறது: அதன் முதல் இலக்கம் முழு அங்குலம், இரண்டாவது நூல். ஆகவே 12 என்பது 1 அங்குலமும் 2 நூலும், அதாவது ஒன்றேகால் அங்குலம். பன்னிரண்டு நூல் அன்று. இதைப் பன்னிரண்டு எட்டில் பங்கு என்று படித்து ஒன்றரை அங்குலப் போல்டை எதிர்பார்த்து வாங்கியவர்கள் பலர். கடைசியில் உள்ள ஏ என்ற எழுத்து, முனையில் பிளவூசிக்கான துளை இல்லை என்பதைக் குறிக்கிறது. பெயர் சொல்லும் நீளம் தோராயமானதே. மரையில்லாத தண்டுப் பகுதி எவ்வளவு என்பதை அட்டவணையில் பார்த்துத்தான் போல்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரிவெட்டில் கணக்கு வேறு. ஏஎன்470ஏடி4-5 என்பதில் 4 என்பது முப்பத்திரண்டில் பங்கு: 4/32, அதாவது 1/8 அங்குல விட்டம். 5 என்பது பதினாறில் பங்கு: 5/16 அங்குல நீளம். போல்டின் 4 கால் அங்குலம், ரிவெட்டின் 4 அரைக்கால் அங்குலம். எரிபொருள் குழாய்களின் இணைப்பிகளில் 6 என்றால் 6/16, அதாவது 3/8 அங்குலக் குழாயின் வெளிவிட்டம். அதன் மரையின் விட்டமோ 9/16 அங்குலம்.

இந்த வழக்கங்களை எல்லாம் ஒரு அட்டையில் எழுதிப் பாகங்கள் இருக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். பல ஆண்டுகள் கடந்தும் அதைப் பார்க்காமல் பாகம் வாங்க நான் எழுதிக் கொடுப்பதில்லை.

எண்ணிட்ட டிரில் பிட்டுகள் கிடைக்கவில்லை. மில்லிமீட்டர் பிட்டால் துளையிடலாமா?

பெரும்பாலான ரிவெட் துளைகளுக்கு இடலாம்; பொருத்தம் நன்றாகவே அமைகிறது. 3/32 அங்குல ரிவெட்டுக்கான 40ஆம் எண் பிட் 2.489 மி.மீ.; 2.5 மி.மீ. பிட் அதற்குச் சமம் என்றே கொள்ளலாம். 1/8 அங்குல ரிவெட்டுக்கான 30ஆம் எண் பிட் 3.264 மி.மீ.; அதற்கு 3.3 மி.மீ. பொருந்தும். ஏஎன்3 போல்டுக்கான 12ஆம் எண் பிட் 4.80 மி.மீ.; 4.8 மி.மீ. பிட்டிலிருந்து அதைப் பிரித்தறியவே முடியாது. எண் கூடக் கூட பிட் சிறிதாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

1/8 அங்குலம் 3.175 மி.மீ.தானே என்று 3.2 மி.மீ. பிட்டை எடுப்பவர்கள் உண்டு. துளையின் பிசிறு நீக்கி, துரு காக்கும் பூச்சும் அடித்த பிறகு அதில் ரிவெட் எளிதில் நுழையாது. சுத்தியால் தட்டி நுழைத்தால் பூச்சு உரியும். மறுபுறம் 3.5 மி.மீ. துளையிட்டால், அடிக்கும்போது ரிவெட் துளையை நிரப்புவதற்குள் சாய்ந்து மடங்கக்கூடும். வரைபடம் ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்ட துளை கேட்டால் அங்கே மாற்று தேட வேண்டாம். அங்குல ரீமரையே வாங்குங்கள்.

தலை புதையும் ரிவெட்டுக்கும் திருகுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. ஏஎன் வகைகளின் தலைக் கோணம் 100 டிகிரி. பொதுவான மெட்ரிக் திருகுகளுடையது 90 டிகிரி. கையிலிருக்கும் குழிப்பிட்டின் கோணம் எது என்று பார்க்காமல் மேல்தகட்டில் இறக்கினால், தலை விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும்.

மெட்ரிக் நட் அங்குலப் போல்டில் ஏறினால் பயன்படுத்தலாமா?

கூடாது. ஏறுகிறது என்பதே இங்கே ஆபத்து. ஏஎன்3 போல்டின் மரை ஓர் அங்குலத்துக்கு 32 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 0.794 மி.மீ. எம்5 மரையின் சுற்று 0.8 மி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. விட்டமோ முன்னதில் சுமார் 4.8 மி.மீ., பின்னதில் 5 மி.மீ. ஆகவே ஒரு எம்5 நட்டை எடுத்து ஏஎன்3 போல்டின் முனையில் வைத்து விரலால் சுழற்றினால் அது தயங்காமல், சற்றுத் தாராளமாகவே ஓடி ஏறும். பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் மட்டும் மெல்லிய ஆட்டம் தெரியும். மரையின் பற்கள் ஒன்றையொன்று அவற்றின் நுனியில் மட்டும் பிடித்திருப்பதால், முறுக்கும்போதோ, அதைவிட மோசமாக, பறக்கையில் சுமை ஏறும்போதோ பற்கள் சீவிக்கொண்டு நட் கழன்றுவிடும். சாதாரண நட்டில் இந்த ஆட்டத்தை விரல் உணரும். நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டில் வளையத்தின் இறுக்கம் அந்த ஆட்டத்தை மறைத்துவிடுவதால், அங்கே அதுவும் தெரியாது.

கால் அங்குலத்துக்கும் எம்6க்கும் இந்த மயக்கம் இல்லை. சுற்று வேறுபடுவதால் ஓரிரு திருப்பத்தில் சிக்கி நின்றுவிடும். எம்5 ஒன்றுதான் நல்ல பிள்ளைபோல் ஏறும். அதனால் எம்5 நட்டுகளை அங்குல நட்டுகள் இருக்கும் மேசைக்கே கொண்டுவராமல் இருப்பது என் வழக்கம். எஞ்சினுக்கு எம்5 தேவைப்பட்டால் தனி டப்பாவில், மூடியில் பெரிதாக எழுதி, எஞ்சின் பக்கத்து அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

வலிமை கூடிய மெட்ரிக் போல்டை ஏஎன் போல்டுக்குப் பதிலாகப் போடலாமா?

இழுவலிமையை மட்டும் ஒப்பிட்டால் இந்தக் கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஏஎன் எஃகு போல்டின் குறைந்தபட்ச இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு, அதாவது சுமார் 862 மெகாபாஸ்கல். மெட்ரிக்கில் 8.8 வகுப்பின் வலிமை 800, 10.9 வகுப்பினுடையது 1040 மெகாபாஸ்கல். 10.9 போட்டால் போதுமே என்று தோன்றும்.

ஆனால் விமானத்தின் பெரும்பாலான இணைப்புகளில் போல்ட் இழுக்கப்படுவதில்லை. பக்கவாட்டில் வெட்டப்படும் விசையைத் தாங்குகிறது. அதற்கு, சேரும் தகடுகளின் முழுத் தடிமனிலும் மரையில்லாத தண்டு, துளைக்கு நெருக்கமாக அமர்ந்திருக்க வேண்டும். ஏஎன் போல்டுகள் தண்டின் நீளம் நூல் நூலாக உயரும் வகையில் இதற்கென்றே செய்யப்பட்டவை. கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்டில் மரை அடிவரை வந்துவிடலாம். அப்போது துளையின் சுவரை மரையின் கூர்முனைகள் அறுக்கும். மேலும் 4.8 மி.மீ. துளையை 5 மி.மீ.க்குப் பெரிதாக்கினால் விளிம்புத் தூரம், அதாவது துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி, குறைகிறது. துளையை மீண்டும் சிறிதாக்க முடியாது. வடிவமைத்தவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஒழிய, போல்டை மாற்றாதீர்கள்.

அங்குலத் தடிமன் தகடும் குழாயும் கிடைக்காவிட்டால், அருகில் உள்ள மெட்ரிக் தடிமனை எடுக்கலாமா?

இதற்கு ஒரே சொல்லில் விடை இல்லை. எண்களைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

0.032 அங்குலத் தகடு 0.813 மி.மீ. அதற்கு 0.8 மி.மீ. எடுத்தால் குறைவு ஒன்றரை விழுக்காடுதான். 0.025 அங்குலத் தகடு 0.635 மி.மீ.; அதற்கு 0.6 மி.மீ. எடுத்தால் ஐந்தரை விழுக்காடு குறைகிறது. இது சிறிதாகத் தோன்றும். ஆனால் தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது: 0.6ஐ 0.635ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கினால் 0.84 வருகிறது. அதாவது விறைப்பில் 16 விழுக்காடு போய்விட்டது. இறக்கையின் மேல்தகடு சுமையில் நெளியத் தொடங்கும் எல்லையை முடிவு செய்வது இந்த விறைப்புதான். ஆகவே மெலிந்த தகட்டுக்குப் போவதானால் வடிவமைத்தவரின் சம்மதம் இல்லாமல் போகாதீர்கள். தடித்த தகட்டுக்குப் போவதானால் கூடும் எடையையும், அது மூக்குப் பக்கம் கூடுகிறதா வால் பக்கம் கூடுகிறதா என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உலோகக் கலவையும் அதன் பதப்படுத்தலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். தடிமன் பொருந்திவிட்ட மகிழ்ச்சியில் அதைப் பார்க்க மறந்துவிடுவதும் நடக்கிறது.

எஃகுக் குழாயில் பிரச்சினை மறுபக்கம் சாய்கிறது. 3/4 அங்குல விட்டம், 0.035 அங்குலச் சுவர் கொண்ட குழாய்க்குப் பதில் 20 மி.மீ. விட்டம், 1 மி.மீ. சுவர் கொண்ட குழாயை எடுத்தால், குறுக்குவெட்டுப் பரப்பு 50.7 சதுர மி.மீ.இலிருந்து 59.7 ஆகிறது. வலிமை குறையவில்லை, ஆனால் உடற்சட்டம் முழுவதும் இப்படி மாற்றினால் குழாய்களின் எடை 18 விழுக்காடு ஏறும். இன்னொன்றும் உண்டு: அங்குலக் குழாய்களில் 0.058 அங்குலச் சுவர் கொண்டவை ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி அமைந்தவை. 7/8 அங்குலக் குழாயின் உள்விட்டம் 0.759 அங்குலம், 3/4 அங்குலக் குழாய் அதில் 0.009 அங்குல இடைவெளியோடு வழுக்கிச் செல்லும். இந்த வசதியை நம்பி வரைந்த இணைப்பில் ஒரு குழாயை மட்டும் மெட்ரிக்காக மாற்றினால் நுழையவே நுழையாது, அல்லது லொடலொடவென்று ஆடும்.

ஒட்டுப்பலகையில் 1/16 அங்குலத்துக்கு 1.6 மி.மீ. கிடைத்தால் கவலையில்லை. 1/8 அங்குலத்துக்கு 3 மி.மீ. என்றால் மீண்டும் அதே ஐந்தரை விழுக்காடு.

கட்டுப்பாட்டுக் கம்பி வடத்துக்கு 1/8 அங்குலத்துக்குப் பதில் 3 மி.மீ. போடலாமா?

போடாதீர்கள். வடத்தின் முனையை நசுக்கிப் பிடிக்கும் செப்பு உறை 1/8 அங்குல வடத்துக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. மெலிந்த வடம் அதில் நழுவக்கூடும்.

முறுக்குவிசையை எப்படி மாற்றுவது?

ஓர் அங்குல-பவுண்டு என்பது 0.113 நியூட்டன் மீட்டர். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பராமரிப்புக் கையேட்டில் ஏஎன்3க்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு வரை தரப்பட்டுள்ளது. ஏஎன்4க்கு 50 முதல் 70 வரை. மாற்றினால் முன்னது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர், பின்னது 5.7 முதல் 7.9. இங்கே எண்ணைச் சுருக்கும்போது எல்லைகளை உள்நோக்கியே சுருக்குங்கள்: கீழ் எல்லையை மேலே தள்ளுங்கள், மேல் எல்லையைக் கீழே இறக்குங்கள். வரைபடமோ எஞ்சின் கையேடோ வேறு அளவு சொன்னால் அதுவே செல்லும்.

உண்மையான ஆபத்து மெட்ரிக்கில் இல்லை; அங்குல-பவுண்டுக்கும் அடி-பவுண்டுக்கும் இடையில் இருக்கிறது. இரண்டுக்கும் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. 25 என்ற எண்ணை மட்டும் நினைவில் கொண்டு அடி-பவுண்டு டார்க் ரெஞ்சை எடுத்தவர், அது சொடுக்கும் ஒலிக்காகக் காத்திருக்கும்போதே ஏஎன்3 போல்டின் கழுத்து முறிந்துவிடும். கிலோ-சென்டிமீட்டர் என்று குறித்த ரெஞ்சில் மயக்கம் வேறு வகை: ஒரு கிலோ-சென்டிமீட்டர் 0.87 அங்குல-பவுண்டு என்பதால் எண்கள் அருகருகே வருகின்றன. எதுவும் முறியாது; 20க்குப் பதில் 17.4 அங்குல-பவுண்டோடு நட் தளர்வாக இருந்துவிடும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

பூட்டு நட்டைச் சுழற்றவே ஒரு விசை தேவைப்படும். அதை அளந்து, அட்டவணை எண்ணோடு கூட்ட வேண்டும். சக்கர நட்டுக்காக வாங்கிய பெரிய ரெஞ்ச் 3 நியூட்டன் மீட்டரை அளக்கத் தகுந்ததன்று.

எஞ்சின் மெட்ரிக், உடல் அங்குலம் என்றால் எல்லை எங்கே?

எஞ்சினை விமானி அறையிலிருந்து பிரிக்கும் தீச்சுவரில் எல்லை போட்டுக்கொள்வதே நடைமுறையில் வசதியானது. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினை அமெரிக்க வடிவமைப்பில் பொருத்தும்போது, தீச்சுவருக்கு முன்னால் மெட்ரிக் தட்டு, பின்னால் அங்குலத் தட்டு என்று கருவிகளையும் பாகங்களையும் பிரித்துவிடலாம். எஞ்சின் தாங்கி மட்டும் இரண்டு உலகையும் தொடும்: எஞ்சின் பக்கம் மெட்ரிக் போல்ட், தீச்சுவர்ப் பக்கம் ஏஎன் போல்ட்.

ஆனால் எல்லை போட்டாலும் விதிவிலக்குகள் இரு பக்கமும் உண்டு. லைக்காமிங் எஞ்சின் முழுக்க அங்குலத்தில் அமைந்தது. அதன் தீப்பொறி பிளக்கின் மரை மட்டும் 18 மி.மீ. அதே பிளக்கின் அறுகோணத்தைப் பிடிக்க 7/8 அங்குல ஸ்பேனர் வேண்டும். ரோட்டாக்ஸ் 912இன் புரொப்பெல்லர் விளிம்பில் போல்ட் துளைகள் அமைந்த வட்டங்களில் 75, 80 மி.மீ. உடன் 101.6 மி.மீ. என்ற ஒன்றும் இருக்கிறது. அது சரியாக 4 அங்குலம். ஆகவே எஞ்சின் எந்த நாட்டில் பிறந்தது என்பதை வைத்து மரையை ஊகிக்காமல், ஒவ்வொரு துளையையும் மரை அளவியால் பார்த்துவிடுங்கள். எண்ணெய் அழுத்த உணரியின் குழாய் மரையில் இது இன்னும் அவசியம்: 1/8 அங்குலக் கூம்பு மரையில் அமெரிக்க வகைக்கு அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டன் வகைக்கு 28. தவறானது முதல் இரண்டு மூன்று சுற்று ஏறி, பிறகு எண்ணெய் கசியும்.

மெட்ரிக் ஸ்பேனர் போதாதா?

3/4க்கு 19, 5/16க்கு 8 என்று சில இடத்தில் பொருந்தும். ஏஎன்3 தலைக்கு வேண்டியது 3/8, அதாவது 9.53 மி.மீ.; 10 மி.மீ. ஸ்பேனர் அதன் மூலைகளை மழுக்கிவிடும். ஏஎன்4க்கு வேண்டிய 7/16 என்பது 11.1 மி.மீ.; 11 மி.மீ. ஸ்பேனர் ஏறாது. இந்த இரண்டு அங்குல ஸ்பேனர்களையாவது வாங்கிவிடுங்கள், அதிகம் கேட்பவை இவையே.

விமானி முன்னுள்ள கருவிகளிலும் வேக எல்லைகளிலும் என்ன கவனிக்க வேண்டும்?

கருவித் துளைகள் 3 1/8 அங்குலம், 2 1/4 அங்குலம் என்ற இரண்டு அளவுகளில் வரும்; ஐரோப்பியக் கருவிகளில் இவற்றை 80, 57 மி.மீ. என்பார்கள். துளை பெரும்பாலும் ஒத்துப்போகும், பிடிக்கும் திருகுகள் ஒத்துப்போகா.

வேகம் அப்படி எளிதாக விடக்கூடியது அன்று. பழைய அமெரிக்க வரைபடங்கள் வேக எல்லைகளை மணிக்கு மைல் கணக்கில் தரும். நீங்கள் வாங்கும் வேகமானி நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகில் இருக்கலாம். தாண்டக் கூடாத வேகம் 140 என்று வரைபடம் சொன்னதை அப்படியே நாட் முகப்பில் சிவப்புக் கோடாகப் போட்டால், அந்தக் கோடு உண்மையில் மணிக்கு 161 மைலில் நிற்கிறது. கோட்டைத் தாண்டவில்லை என்ற நம்பிக்கையோடு விமானி எல்லையைத் தாண்டிப் பறப்பார். முகப்பில் கோடு வரையும் முன், அலகை உரக்கப் படித்து இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எடைக் கருவி கிலோவில், வரைபடத்தின் தூரங்கள் அங்குலத்தில். ஈர்ப்பு மையத்தை எப்படிக் கணக்கிடுவது?

அச்சமில்லாமல் கலக்கலாம், ஒரே நிபந்தனையோடு. ஈர்ப்பு மையம் என்பது, எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டியதை மொத்த எடையால் வகுத்து வருவது. எடையின் அலகு மேலும் கீழும் இருப்பதால் நீங்கிவிடுகிறது. தூரத்தின் அலகே விடையின் அலகு. பின் சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து 238 கிலோ, தொடக்கக் கோட்டிலிருந்து 68 அங்குலம். மூக்குச் சக்கரத்தில் 82 கிலோ, 10 அங்குலம் என்று கொள்வோம். 16,184உடன் 820ஐக் கூட்டினால் 17,004; அதை 320ஆல் வகுத்தால் 53.14 அங்குலம். எல்லாவற்றையும் பவுண்டில் எழுதினாலும் இதே எண்தான் வரும்.

நிபந்தனை இதுதான்: ஒரு கணக்கில் எல்லா எடையும் ஒரே அலகில் இருக்க வேண்டும். வெற்று எடை கிலோவில், விமானியின் எடை கிலோவில், எரிபொருள் மட்டும் கையேட்டில் பார்த்த பவுண்டில் என்று நுழைந்துவிட்டால் விடை தவறு என்பதை எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது நம்பத்தகுந்த எண்ணாகவே இருக்கும். பெருக்கி வந்த எண்ணை வேறு ஆவணத்தில் எடுத்து எழுதும்போது கிலோ-அங்குலம் என்று அலகையும் சேர்த்தே எழுதுங்கள்.

காலன் என்றால் எத்தனை லிட்டர்?

எந்தக் காலன் என்று முதலில் கேளுங்கள். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டன் காலன் 4.546 லிட்டர். 20 காலன் தொட்டி என்றால் 75.7 லிட்டரா 90.9 லிட்டரா என்ற வேறுபாடு, மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு முக்கால் மணி நேரப் பறப்பு.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று சுமார் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, கிம்லியில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் எஞ்சின் இல்லாமல் சறுக்கி இறங்கியது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. ஒரு லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். கணக்குத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். பயன்படுத்திய எண்ணின் பக்கத்தில் அலகு எழுதப்படவில்லை. வீட்டில் கட்டிய விமானத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளியது: தொட்டியை ஊற்றி அளந்து, அளவுக் குச்சியில் ஒரே அலகைப் பொறித்து, மூடியின் அருகிலும் அதே அலகை எழுதிவிடுங்கள்.

கணினிக் கோப்புகளிலும் அச்சிட்ட வார்ப்புருக்களிலும் என்ன பிழை வரும்?

வடிவக் கோப்புகள் பலவற்றில் எண் மட்டும் இருக்கும், அலகு இருக்காது. அங்குலத்தில் வரைந்த ரிப்பை மில்லிமீட்டர் என்று திறந்தால் 25.4 மடங்கு சிறிதாகும். அது உடனே தெரிந்துவிடுவதால் தீங்கில்லை. தீங்கு செய்வது அச்சுப்பொறி. தாளுக்குப் பொருந்தும்படி அச்சிடு என்ற தேர்வு இரண்டு மூன்று விழுக்காடு சுருக்கிவிடும். வார்ப்புரு பார்வைக்குச் சரியாகவே இருக்கும். தாளில் அச்சான அளவுக் கோட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எஃகு அளவுகோலால் அளந்த பிறகே வெட்டுங்கள்.

ஐரோப்பிய வரைபடங்களில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வரும். 3,175 என்று எழுதியிருந்தால் அது மூன்றே சொச்சம் மில்லிமீட்டர், மூவாயிரம் அன்று.

காலிப்பரும் டேப்பும் இரண்டு அளவும் காட்டுபவையாக இருக்கலாமா?

டேப்பில் வேண்டாம். ஓர் ஓரத்தில் அங்குலமும் மறு ஓரத்தில் மில்லிமீட்டரும் உள்ள டேப்பை முழங்கால் போட்டுத் தலைகீழாகப் படிக்கும்போது, கண் தவறான ஓரத்தைப் பிடிக்கும். ஒரே அளவுள்ள டேப்பை வாங்கி, ஒரு பாகத்தைத் தொடங்கியது முதல் முடிக்கும் வரை அந்த ஒன்றையே பயன்படுத்துங்கள்.

மின்னணுக் காலிப்பரில் அலகு மாற்றும் பொத்தான் இருப்பது உண்மையிலேயே உதவி: கால் அங்குலத் தண்டைப் பிடித்து 0.250 என்று பார்த்து, பொத்தானை அழுத்தி 6.35 என்றும் பார்த்தால், மாற்றும் கணக்குக்கே வேலையில்லை. ஆனால் அளந்ததைப் பதிவேட்டில் எழுதும்போது அலகில்லாமல் ஓர் எண்ணைக்கூட எழுதாதீர்கள். எங்கேனும் மாற்றுப் பொருள் போட்டிருந்தால், வரைபடம் கேட்ட அளவு, அதன் அலகு, நீங்கள் போட்ட அளவு, அதற்குச் சம்மதம் தந்தவர், நாள் ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்த இடத்தைப் பழுது பார்ப்பவர் எந்தப் பிட்டை எடுப்பது என்று அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.